மெர்வின் கில்கிறிஸ்ட் போன காலணி மாநாடு

இந்தப் பிப்ரவரியில் லோர்னா பனியாற்றைப் பார்த்தே தீருவது என்று மெர்வின் கில்கிறிஸ்ட் முடிவெடுத்தார். அசைக்க முடியாத முடிவு. இதற்கு முன்னால் எடுத்த இருபத்தோரு முடிவுகளும் அசைக்க முடியாதவைதான். அவற்றை யாரும் அசைக்கவில்லை. அவரும் வீட்டைவிட்டு அசையவில்லை.

டிமாரு ஊரின் கடைத்தெருவில் அவருக்குக் காலணிக் கடை. பள்ளிக்கூட ஷூ, கல்யாண ஷூ, பண்ணைக்காரர்களின் ரப்பர் பூட்ஸ் எல்லாம் விற்பார். ஆனால் அவர் பேர் எடுத்தது மலையேறும் பூட்ஸில். மலைக்குப் போகிற எவரும் முதலில் மெர்வின் முன்னால் வந்து உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். அவர் முட்டி போட்டு, பாதத்தைக் கையில் ஏந்தி, குதிகாலை அழுத்தி, கட்டைவிரலைத் தட்டி, ஒரு நிமிடம் கண்ணை மூடுவார்.

“டெனிசன் கணவாய்ப் பக்கமா போறீங்க? அப்ப இறங்கும்போது விரல் முன்னால போய் முட்டும். அரை அளவு பெருசா எடுங்க. ரெண்டு காலுறை போடுங்க. இன்னொண்ணு, புது பூட்ஸைப் போட்டுக்கிட்டு நேரா மலைக்குப் போயிடாதீங்க. மூணு வாரம் வீட்டுக்குள்ளயே நடந்து பழக்குங்க. இல்லன்னா மலையைப் பார்க்க மாட்டீங்க, கொப்புளத்தைத்தான் பார்ப்பீங்க.”

“நீங்க அங்கெல்லாம் நிறைய தடவை போயிருப்பீங்கபோல!”

இந்தக் கேள்வி வந்ததும் மெர்வினுக்கு உடனே பின்கட்டிலிருந்து ஒரு பெட்டி எடுத்துவர வேண்டியிருக்கும். உண்மை என்னவென்றால் அவருக்குப் பாதம் தெரியும். பாதை தெரியாது.

போனவர்கள் திரும்பி வருவார்கள். தேய்ந்த அடிப்பாகத்தை மாற்றித் தரச் சொல்லி பூட்ஸை மேசைமேல் வைப்பார்கள். அவர்கள் போனபிறகு மெர்வின் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி அப்பியிருக்கும். பனியாறு மலையை அரைத்து அரைத்துத் தள்ளிய மாவு அது. நகத்தால் சுரண்டி எடுத்து ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் பாட்டில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. ஊரார் காலில் ஒட்டிவந்த மலை அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது.

வானம் வெளுத்த காலைகளில் தெருக்கோடியில் நின்றால் மேற்கே பனிமலைகள் வரிசையாகத் தெரியும். கடையைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அங்கே நிற்பார். ரயிலில் ஏறிப் போய்விட்ட யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் நிற்பார். பிறகு சாவியை எடுப்பார்.

ஏன் போகவில்லை? முதல் வருஷம் திட்டம் சரியில்லை. இரண்டாம் வருஷம் திட்டம் சரியாகிவிட்டது, வானிலை சரியில்லை. மூன்றாம் வருஷம் இரண்டும் சரி, ஆனால் அதற்குள் அதைவிடச் சரியான திட்டம் ஒன்று தோன்றிவிட்டது. சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடங்கள். அதனால் அவரும் மனைவி நோலீனும் பதினைந்து வருஷமாகச் சமையலறையில் நின்றுகொண்டோ முக்காலியில் உட்கார்ந்தோதான் சாப்பிடுகிறார்கள். ஒரு மணி நேர நடைக்கு எத்தனை பாதாம், எத்தனை உலர்திராட்சை என்று தராசில் நிறுத்து எழுதி வைத்திருந்தார். நோலீன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியபடி கேட்பாள்.

“இங்க பாரு நோலீன், இந்த இடத்துல ஒரு தொங்குபாலம் வரும்.”

“அப்படியா.”

“அதைத் தாண்டினா காடு முடிஞ்சிரும். வெறும் புல்லும் கல்லும்தான்.”

“மழை பேஞ்சா அந்த ரெண்டாவது ஓடையைத் தாண்ட முடியுமா?”

மெர்வினுக்குப் பெருமையாக இருக்கும். ஒன்றும் தெரியாதவள் என்றாலும் எவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாள்! பென்சிலால் அந்த ஓடையைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்.

இந்த வருஷம் முடிவோடு இன்னொரு முடிவும் சேர்ந்தது. தனியாகப் போவது. நோலீனிடம் சொல்லாமல் போவது. அவளுக்கு மலை ஒத்துவராது, கடற்கரைப் படிக்கட்டில் ஏறினாலே பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாளே என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். உள்ளே இருந்த காரணம் வேறு. ஐம்பத்தொன்பது வயதாகிறது. இத்தனை வருஷம் அளந்த அளப்புக்கு, முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டால்? அதை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். நோலீன் பார்க்கக் கூடாது.

பனியாறு இருப்பது டெனிசன் கணவாய்ப் பாதையில். போகிற வழியில் குடில்களில் தங்க வேண்டும். மரப்பலகைப் படுக்கைகள் கொண்ட சின்னச் சின்னக் குடில்கள். முன்கூட்டியே பதிவு செய்தால்தான் இடம். முதல் குடில் கிடைத்தது. மூன்றாவது, நான்காவதும் கிடைத்தன. பனியாற்றுக்கு நேர் எதிரே இருக்கும் இரண்டாவது குடில் மட்டும் நிரம்பிவிட்டது. கல்மேட்டுக் குடில். பத்தே படுக்கை. யாராவது ரத்து செய்தால்தான் உண்டு. மெர்வின் ஒரு வாரம் தினமும் விடியற்காலை எழுந்து, சமையலறையில் கணினி முன்னால் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். நிரம்பிவிட்டது. நிரம்பிவிட்டது. நிரம்பிவிட்டது.

எட்டாம் நாள் காலை, நோலீன் இன்னும் படுக்கையறையைவிட்டு வராத நேரத்தில், திரையில் ஒரு படுக்கை காலி என்று வந்தது. அவர் கேட்ட அதே செவ்வாய்க்கிழமை! மெர்வின் பாய்ந்து அமுக்கினார். கிடைத்துவிட்டது. எழுந்து நின்று, சத்தம் வராமல், கால்களை மாற்றி மாற்றிக் குதித்தார். தெய்வம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்.

அன்று காலை உணவின்போது பேச்சைத் தொடங்கினார்.

“நோலீன், வர்ற திங்கட்கிழமை நான் க்ரைஸ்ட்சர்ச் போறேன். தென் தீவு காலணி வியாபாரிகள் மாநாடு.”

“அப்படி ஒரு மாநாடு இருக்கா?”

“புதுசா ஆரம்பிச்சிருக்காங்க.”

“எத்தனை நாள்?”

“அஞ்சு நாள்.”

நோலீன் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினாள். “ஷூவைப் பத்திப் பேச அஞ்சு நாளா? இடது காலுக்கு ஒரு நாள், வலது காலுக்கு ஒரு நாள். மிச்சம் மூணு நாள் என்ன பண்ணுவீங்க எல்லாரும்?”

“லேஸ்” என்றார் மெர்வின். “லேஸ்ல இப்ப ஏகப்பட்ட மாற்றம் வந்திருச்சு.”

“சிக்கல்னு சொல்லு.”

“ஆமா. சிக்கல்தான்.”

“போய்ட்டு வா. நானும் ஞாயித்துக்கிழமையே ஓமரூவுக்கு ஏவிஸ் வீட்டுக்குப் போயிடறேன். பிப்ரவரில வழக்கமா ஒரு வாரம் போவேன்ல.”

ஏவிஸ் அவளுடைய தங்கை. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. எதிர்ப்பு வரும், குறுக்கு விசாரணை வரும் என்று ஆறு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றைக்கூட எடுக்க வேண்டி வரவில்லை. மனுஷன் ஐந்து நாள் வீட்டில் இருக்க மாட்டான் என்றால் ஒரு பேச்சுக்காவது முகம் வாட வேண்டாமா? மெர்வினுக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாகவே இருந்தது.

ஒரு ரகசியத்தை ஒருவரே தூக்கிச் சுமக்க முடியாது. மாலையில் வேலிக்கு அந்தப்பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த லாக்கியிடம் இறக்கி வைத்தார். லாக்கி ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரில் எல்லோர் கடிதத்தையும் சுமந்தவர், ஒன்றையும் பிரித்துப் பார்க்காதவர்.

“யோவ் லாக்கி, யார்கிட்டயும் சொல்லாத. நான் டெனிசன் கணவாய்க்குப் போறேன்.”

“நீயா?”

“நானேதான். மாநாடுன்னு சொல்லியிருக்கேன். நோலீனுக்குத் தெரியாது.”

லாக்கி தண்ணீர்க் குழாயைத் தன் செருப்புக்குள் விட்டுக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை. “நோலீனுக்கு... தெரியாது.”

“துளிகூடத் தெரியாது.”

“எந்த நாள் எந்தக் குடில்?”

மெர்வின் சொன்னார். லாக்கி முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார்.

“ஏன்யா, சளியா?”

“இல்ல, பூவோட தூள்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போய்ட்டு வா மெர்வ். நல்லா இருப்ப. எங்க வீட்ல ரோமாவும் ஞாயித்துக்கிழமை கிளம்புறா. அவ சித்தி பொண்ணு வீட்டுக்கு.”

“பொம்பளைங்க எல்லாம் ஒரே நாள்ல கிளம்புறாங்களே!”

“அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு” என்றார் லாக்கி, மறுபடி இருமப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை கோட்டும் டையுமாக மெர்வின் காரில் ஏறினார். வீட்டில்தான் யாரும் இல்லையே, டை எதற்கு என்பது ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. மூன்று மணி நேரம் ஓட்டி, பாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தி, பின்பக்கத்தைத் திறந்து, எட்டு வருஷமாகக் கடையின் மேல் தட்டில் தனக்காக ஒதுக்கி வைத்திருந்த பெட்டியை எடுத்தார். கடையிலேயே மிக நல்ல ஜோடி. வீட்டில் போட்டுப் பழக்கினால் நோலீன் பார்த்துவிடுவாளே என்று ஒருநாள்கூடக் காலில் மாட்டாத ஜோடி. ஆயிரம் பேரிடம் சொன்ன அறிவுரை ஒருமுறை அவர் காதிலும் ஒலித்தது. அது வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது, கடைக்காரருக்கு இல்லை என்று லேஸை இறுக்கினார்.

முதல் இரண்டு மணி நேரம் சொர்க்கம். உயர்ந்த காட்டு மரங்கள் பாசி போர்த்திக்கொண்டு நின்றன. கீழே ஆறு பச்சையும் நீலமுமாக ஓடியது. தன் விரல் வரைபடத்தில் ஆயிரம் முறை போன வழியில் தன் கால் போகிறது என்பதை நினைத்து நினைத்து அவர் தனியாகச் சிரித்துக்கொண்டார். தொங்குபாலம் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும்போல் வாய் ஊறியது. திரும்பிப் பார்த்தார். பாதையில் ஒரு விசிறிவால் குருவிதான் இருந்தது. அதனிடம் சொன்னார்.

மூன்றாவது மணி நேரத்தில் இடது குதிகால் பேசத் தொடங்கியது. நான்காவதில் வலது குதிகாலும் சேர்ந்துகொண்டது. முதல் குடிலை அடைந்தபோது மெர்வின் ஒவ்வொரு அடியையும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் வைத்தார். மணல் ஈக்கள் அவரை வரவேற்று விருந்துண்டன.

குடிலில் வேறு இருவர் மட்டும் மூலையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் வருகைப் புத்தகம். வருகிறவர்கள் பேர், ஊர், அடுத்துப் போகும் இடம் எல்லாம் எழுதிவிட்டுப் போக வேண்டும். யாராவது காணாமல் போனால் தேட உதவும். மெர்வின் பேனாவைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு தன் பேரை இதில் எழுதும் கணம். எழுதுவதற்கு முன் மேலே இருந்த வரியில் கண் போனது. நேற்றைய தேதி.

‘நோலீன் கில்கிறிஸ்ட், டிமாரு. அடுத்து கல்மேட்டுக் குடில், இரண்டு இரவு. ஒன்பதாவது முறை.’

மெர்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை. மளிகைப் பட்டியலில் அவர் தினம் பார்க்கும் அதே சுழித்த ‘ந’. அதற்குக் கீழே இன்னொரு கை எழுதியிருந்தது: ‘ராபின், டிமாரு.’ அதன் பக்கத்தில் நோலீனின் எழுத்திலேயே ஒரு குறிப்பு: ‘ராபினோடு நடந்தால் தூரமே தெரிவதில்லை.’

ராபின்!

டிமாருவில் அவருக்குத் தெரிந்த ராபின் ஒருவர்தான். பல் மருத்துவர். ஆறடி உயரம். பல்லெல்லாம் சொந்தப் பல். போன வருஷம் நோலீன் மூன்று முறை பல்வலி என்று போனாளே!

அன்று மெர்வின் தூங்கவில்லை. விடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பினார். திட்டப்படி இரண்டாம் நாள் ஏழு மணி நேர நடை. இடையில் அருவிக்கு முன்னால் அரை மணி, புல்வெளியில் அரை மணி, மலைமுகட்டை ரசிக்க முக்கால் மணி என்று பதினொரு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். அருவி வந்தது. மெர்வின் அதைப் பார்க்கவில்லை. புல்வெளி வந்தது, காட்டுப்பூக்கள் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தன. மிதித்துக்கொண்டு போனார். மேகம் விலகி முகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. “ஒன்பதாவது முறையாம்!” என்று அவற்றைப் பார்த்துக் கத்தினார். அவையும் “முறையாம்” என்றன.

கோபத்தில் நடக்கிறவனுக்கு மூச்சு வாங்காது என்பதை அன்று கண்டுபிடித்தார். ஏழு மணி நேரத் தூரத்தை ஐந்தரை மணி நேரத்தில் கடந்தார். ஆனால் நடுவில் ஓரிடத்தில், காட்டைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்தபோது, கோபத்துக்கு அடியில் வேறொன்று கிடப்பது தெரிந்தது. இத்தனை வருஷம் மேசையில் விரித்து வைத்து விரலால் காட்டிக் காட்டிச் சொன்னாரே, அந்தப் பாலம், அந்த ஓடை எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே “அப்படியா” என்று கேட்டிருக்கிறாள். அவர் ஒரு நிமிடம் நின்றார். காற்று ஈரக் கண்ணில் பட்டுச் சில்லென்றது. பிறகு ராபினை நினைத்துக்கொண்டு மறுபடி வேகம் எடுத்தார்.

கல்மேட்டுக் குடிலின் முன்வாசல் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். வெயிலில் சிவந்த மூக்கு, முட்டிவரை சுருட்டிய கால்சட்டை, வெறுங்கால். முப்பத்தோரு வருஷ மனைவியை மெர்வினுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தாள்.

“வா மெர்வ்” என்றாள் நோலீன். “மாநாடு சீக்கிரம் முடிஞ்சிருச்சா?”

மலைக்கு வந்தவர் மலைத்து நின்றார். வாசலில் வரிசையாக வைத்திருந்த பூட்ஸ்கள்தான் கண்ணில் பட்டன. முதல் ஜோடியின் அளவு முப்பத்தொன்பது, இடது கால் சற்று வெளிப்பக்கம் தேய்ந்தது. உலகத்தில் யார் பாதம் தெரியாவிட்டாலும் அந்தப் பாதம் அவருக்குத் தெரியும். குனிந்து பூட்ஸின் நாக்கை விலக்கிக் கடை முத்திரையைப் பார்த்தார்.

“நோலீன்!” பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். “இது ஃபிட்ச் கடை பூட்ஸ்!”

“ஆமா.”

“எனக்கு எதிர்க்கடை! எனக்குத் துரோகம் பண்ணிட்டு... ஃபிட்ச் கடையிலயா வாங்கின?”

“உன் கடையில வந்து வாங்க முடியுமா? காலைப் பிடிச்சு எங்க போறீங்கன்னு கேட்பியே.”

“அவன் அளவெடுக்கத் தெரியாதவன்! ஒரு அளவு சின்னதாக் குடுத்திருப்பான்!”

“குடுத்தான். ரெண்டு நகம் போச்சு.”

“பார்த்தியா!” என்றார் மெர்வின், வெற்றியோடு. அப்புறம்தான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. “எங்க அவன்? ராபின் எங்க?”

“ராபின்!” என்று நோலீன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “என் வீட்டுக்காரர் உங்களைத் தேடி வந்திருக்கார்.”

கதவைத் திறந்துகொண்டு வெள்ளைத் தலையோடு ஒரு பெண்மணி வந்தார். எழுபது வயது இருக்கும். ஓய்வுபெற்ற மருத்துவச்சி. “ஓ, நீங்கதான் மெர்வினா? உங்க திட்டத்தைப் பத்தி வருஷாவருஷம் கேட்டிருக்கோம். அந்தப் பாதாம் கணக்கு ரொம்பப் பிரமாதம். நாங்க அதைத்தான் வச்சிருக்கோம்.” அவர் தோளுக்குப் பின்னால் லாக்கியின் மனைவி ரோமா எட்டிப் பார்த்துக் கையசைத்தாள்.

மெர்வின் முதுகுப்பையோடு அப்படியே பலகையில் உட்கார்ந்தார்.

“அந்தக் குறிப்பை வேணும்னேதான் எழுதினியா?”

“வேற எப்படி? ரோமா பேரைக்கூட எழுத விடல. சும்மா விட்டா நீ ஒவ்வொரு மரத்தையும் நின்னு தடவிக்கிட்டு இருப்ப. இருட்டுறதுக்குள்ள வந்து சேர வேணாமா?”

“நான் வர்றேன்னு எப்படித் தெரியும்?”

“ஒரு வாரம் விடிஞ்சும் விடியாம உட்கார்ந்து டொக்கு டொக்குனு தட்டினியே, அந்தச் சத்தத்துல யாரு தூங்குறது? கணினியில அந்தக் குடில் பக்கத்தை மூடாமலேயே கடைக்குப் போயிருவ. நாங்க நாலு படுக்கை எடுத்திருந்தோம். படுக்கையில படுத்துக்கிட்டே போன்ல ஏவிஸோடதை ரத்து பண்ணேன். அடுத்த நிமிஷம் சமையலறையில திம்மு திம்முனு குதிக்கிற சத்தம். சரி, கிடைச்சிருச்சுன்னு திரும்பிப் படுத்தேன்.”

மெர்வின் தெய்வத்தைப் பற்றி எடுத்த முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நோலீன் எழுந்து வந்து அவர் முன்னால் முட்டி போட்டாள். லேஸை அவிழ்த்தாள். பூட்ஸைக் கழற்றினாள். காலுறையை உரித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “புது பூட்ஸா மெர்வ்? நீயா?” வெந்நீரில் துணியை நனைத்து, அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்து, மெல்ல ஒற்றினாள். முப்பது வருஷமாக ஊரில் உள்ள அத்தனை பேர் காலையும் கையில் ஏந்தியவர் மெர்வின். அவர் காலை ஒருவர் இப்படிப் பிடிப்பது இதுதான் முதல்முறை. கூச்சத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டார்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னால ஒரு தடவை, இந்த வருஷம் கிளம்பிடலாமான்னு கேட்டேன். இன்னும் திட்டம் முடியலன்ன. அடுத்த வருஷம் கேட்டேன். அதேதான் சொன்ன. அப்பதான் ரோமா கூப்பிட்டா. ஒரு தடவை பார்த்துட்டு வந்து உன்கிட்ட சொல்லி, கையோட உன்னையும் கூட்டிட்டு வரலாம்னுதான் போனேன்.” துணியைப் பிழிந்தாள். “வந்து பார்த்தா நீ மேசையில உட்கார்ந்து, அந்தப் பாலம் இப்படி ஆடும், அந்த ஓடை இப்படிச் சத்தம் போடும்னு சொல்லிக்கிட்டு இருக்க. முகத்துல அவ்வளவு சந்தோஷம். நான் பார்த்துட்டேன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் வருஷம் ஆக ஆக, வாயே வரல.”

“அப்ப எல்லாத்தையும் பார்த்துட்ட.”

“ஒன்பது தடவை பார்த்தேன். ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்து, ஐயோ மெர்வ், என்ன அழகுன்னு சொல்ல முடிஞ்சுதா? ஓமரூவுல மழைன்னு சொல்லிக்கிட்டுத் துணி துவைக்கப் போயிருவேன்.”

ஒரு கியா கிளி கூரைமேல் நடந்துபோய், மெர்வினின் விலையுயர்ந்த பூட்ஸ் லேஸை ஆராயத் தொடங்கியது. அவர் அதை விரட்டவில்லை.

மறுநாள் காலை நோலீன் அவரைக் கைத்தாங்கலாகக் குடிலுக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குக் கூட்டிப் போனாள். ரோமாவின் ரப்பர் செருப்பில், கட்டுப் போட்ட கால்களோடு, ஐம்பது அடியை அரை மணி நேரம் ஏறினார். மேட்டின் உச்சியில் மூச்சு வாங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். எதைப் பார்த்து இத்தனை வருஷம் பயந்தாரோ அது நடந்தேவிட்டது. நோலீன் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அவ்வளவுதான்.

எதிரே லோர்னா பனியாறு.

இரண்டு மலைத்தோள்களுக்கு நடுவே, வானத்திலிருந்து வழிந்து பாதியில் உறைந்துபோனதாய்க் கிடந்தது. வெடிப்புகளுக்குள் நீலம். மேலே எங்கோ ஒரு துண்டு உடைந்து, நெடுநேரம் கழித்து இடிச்சத்தம் வந்தது. மெர்வின் வரைபடத்தை விரித்தார். அதில் வெள்ளையாய்க் காட்டியிருந்த பனியின் நுனி அவர்கள் உட்கார்ந்திருந்த மேட்டுக்கு நேர் கீழே வரை வந்திருந்தது. கீழே பார்த்தார். அங்கே பனி இல்லை. சாம்பல் நிறத் தண்ணீர் ஒரு ஏரியாய்த் தேங்கிக் கிடந்தது.

“நான் முதல்ல வந்தப்ப அந்த ஏரி இவ்வளவு பெருசு இல்ல” என்றாள் நோலீன். “பனி அதோ, அந்தச் சிவப்புப் பாறை வரைக்கும் இருந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகுது. நீ பென்சிலைச் சீவிக்கிட்டு இருந்த நேரத்துல அது போய்க்கிட்டே இருந்துச்சு மெர்வ். அதான் இந்த வருஷம் எப்படியாவது உன்னைக் கொண்டுவந்துரணும்னு நினைச்சேன்.”

மெர்வின் வரைபடத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். அவர் ஆசைப்பட்ட பனியாற்றில் ஒரு பகுதி இனி யாரும் பார்க்க முடியாத பகுதி. மிச்சம் இருந்ததைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். வெயில் ஏறி நீலம் மெல்ல மெல்ல வெள்ளையாகும்வரை பார்த்தார். வரைபடத்தை நான்காய் மடித்து, பாறைமேல் போட்டு, அவள் உட்கார இடம் பண்ணினார். நோலீன் அதன்மேல் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ நோலீன்” என்றார். “என்ன அழகு.”

“ஆமா” என்றாள் அவள். எட்டு வருஷமாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொல்லிவிட்டவள்போல் மூச்சு விட்டாள்.

கீழே குடிலுக்கு இறங்கும்போது மெர்வின் வேறு ஆளாக இருந்தார். கொப்புளம் வலிக்கவில்லை. உலகத்தில் எத்தனை கணவனுக்கு இப்படி ஒரு மனைவி கிடைப்பாள்? தன் கூட்டத்துக்கு எடுத்த இடத்தையே ரத்து செய்து, தான் கண்ட அழகைத் தன் புருஷனும் காண வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“நோலீன், உண்மையைச் சொல்லு. நான் பக்கத்துல இல்லாம உனக்கு இந்த மலையே நிறைவா இல்ல. அதனாலதான் ஏவிஸோட இடத்தையே எனக்குக் குடுத்த. அப்படித்தானே?”

நோலீன் அவரைக் கனிவோடு பார்த்தாள். குடிலுக்குள் போனாள். கரி படிந்த பெரிய பானை, அதற்குள் வாணலி, கேஸ் அடுப்பு, அதன் இரண்டு உருளைகள், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கான அரிசியும் ஓட்ஸும் பாலாடைக்கட்டியும் அடைத்த சாக்குப்பை எல்லாவற்றையும் இழுத்து வந்து, அவர் முதுகுப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அப்படியும் வச்சுக்கலாம்” என்றாள். “வழக்கமா இதையெல்லாம் தூக்குறது ஏவிஸ்தான். இந்த வருஷம் அவளுக்கு முட்டி வலி.”